சிறு கலங்களும் எரிபொருட் சிக்கனமும்: ஒரு வரலாற்று நோக்கு

கப்பற் கட்டுமானத்தின் வரலாறு பெருங்கலங்களின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவிக் கப்பல்கள் குறித்தும் போர்க்கப்பல்கள் குறித்தும் நூல்கள் பல உள. ஓய்வு நாட்களில் ஒரு குடும்பம் ஆற்றிலோ ஏரியிலோ கரையோரக் கடலிலோ சென்றுவரப் பயன்படும் சிறுபடகு அந்நூல்களில் இடம்பெறுதல் அரிது. இடம்பெறினும் செல்வர்தம் விளையாட்டுப் பொருளாகவே அது சுட்டப்படும். ஆயினும் அறிவியல் உண்மையொன்று கண்டறியப்பட்டு, பின்னர் எண்ணெயின் மலிவினாற் புறக்கணிக்கப்பட்டு, எண்ணெய் அரிதாகிய காலத்து மீண்டும் தேடிப் பெறப்பட்ட கதையை இச்சிறு கலத்தின் வரலாற்றிற் காணுமளவு தெளிவாக வேறெங்கும் காண்டல் அரிது.

இங்கு கருதப்படும் கலம், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் கபின் குரூசர் என வழங்குவது. இருபது அடி தொடக்கம் நாற்பது அடி வரை நீளமுடையது. இருவர் அல்லது நால்வர் உறங்கவும் சமைக்கவும் ஏற்ற ஓர் அறையினைக் கொண்டது. பாயின்றி இயந்திரத்தாலேயே செல்வது. இதனை அறைப்படகு எனலாம். இப்படகு ஒரு கடல் மைல் செல்வதற்கு எவ்வளவு எரிபொருளைக் குடிக்கும் என்ற வினாவுக்கு, இயந்திரத்தின் தரத்தைப் பொறுத்தது என்றே பலரும் விடை கூறுவர். அவ்விடை முழுவதும் பிழையன்று. ஆனால் வினாவின் பெரும்பகுதிக்கு விடை இயந்திர அறையில் இல்லை. படகின் நீளத்திலும் அது எழுப்பும் அலையிலும் இருக்கின்றது.

இவ்வுண்மை முதன்முதலில் தற்செயலாகவே மனிதர் கண்ணிற் பட்டது. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரையடுத்த கால்வாயொன்றில் ஹியூஸ்ரன் என்பாரின் படகைக் குதிரை இழுத்துச் சென்றபோது, குதிரை மிரண்டு பாய்ந்தோடியது. வழக்கமாகக் கரைகளை அரித்துப் பாழாக்கும் அலை படகின் பின்னே எழவில்லை. படகு எளிதாக நீர்மீது வழுக்கிச் சென்றது. விரைந்து இழுத்தால் தடை கூடும் என்பதே அதுவரை எல்லோரும் நம்பியது. இங்கோ ஓரெல்லையைத் தாண்டியபின் தடை குறைந்தது. படகுக்காரர் இதனை வணிகமாக்கி, 1830களில் விரைவுப் பயணப் படகுகளை அக்கால்வாயில் ஓடச் செய்தனர். நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர் ஜோன் ஸ்கொட் ரசல் என்னும் பொறியியலாளர். 1834இல் கால்வாயில் தனித்தோடிய அலையொன்றைத் தாமே குதிரைமீதேறித் துரத்திச் சென்று கண்டவரும் அவரே. ஆழங்குறைந்த கால்வாயின் நிலைமையும் திறந்த நீரின் நிலைமையும் ஒன்றல்ல. ஆயினும், படகு செலவிடும் ஆற்றலின் கணக்கை அலையே எழுதுகின்றது என்ற குறிப்பு அந்தக் குதிரையின் மிரட்சியிற் கிடைத்தது.

குறிப்பை விதியாக்கியவர் வில்லியம் புரூட். 1810இல் தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திற் பிறந்த இவர், புகையிரதப் பாதை அமைப்பில் புகழ்பெற்ற புறூணலின்கீழ்ப் பணிபுரிந்தவர். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் அந்தனி புரூட் இவருடைய இளைய சகோதரர். 1867ஆம் ஆண்டளவில் டாட் ஆற்றில் இருவகை மாதிரிப் படகுகளை மூன்றடி, ஆறடி, பன்னிரண்டடி என மூன்றளவிற் செய்து இவர் இழுத்துப் பார்த்தார். ஒருவகைக்கு அன்னம் என்றும் மற்றதற்கு அண்டங்காக்கை என்றும் பொருள்படும் பெயர்கள் வழங்கின. அண்டங்காக்கை கூர்முனை உடையது. அன்னம் பறவையின் மார்புபோன்று பருத்த முனை உடையது. கூர்முனைதான் எவ்வேகத்திலும் சிறந்தது என்பது அக்காலக் கோட்பாடு. சோதனை வேறாக விடையிறுத்தது. மெல்லிய வேகத்தில் அண்டங்காக்கையின் தடை குறைவு. வேகம் கூடியவழி அன்னத்தின் தடை குறைவு. எந்த வடிவம் சிறந்தது என்ற கேள்வியே பொருளற்றது. எந்த வேகத்துக்கு எந்த வடிவம் என்றே கேட்டல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்பட்டது.

பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் 1870இல் 2,000 பவுண் ஒதுக்க, டோர்க்கியில் தமது இல்லத்தையடுத்து 278 அடி நீளமான சோதனைத் தொட்டியொன்றைப் புரூட் அமைத்தார். 1872இல் அதிற் சோதனைகள் தொடங்கின. மாதிரிகளை நம்பாதோருக்கு விடையாக, கிறேஹவுண்ட் என்னும் மெய்யான போர்க்கப்பலை மற்றொரு கப்பலால் இழுப்பித்து அதன் தடையையும் 1871இல் அளந்தார். மாதிரியிற் கணித்ததும் கப்பலில் அளந்ததும் இசைந்தன. கலத்தின் தடையை அவர் இரு கூறாக்கினார். ஒன்று நீர் கலத்தின் மேற்பரப்பில் உராய்வதாலெழும் தடை. மற்றது கலம் அலையை எழுப்புவதாலெழும் தடை. முன்னது வேகத்துடன் ஒழுங்காக வளர்வது. பின்னது ஓரெல்லை வரை சிறிதாயிருந்து, அவ்வெல்லையை நெருங்கியதும் செங்குத்தாக எழுவது. அந்த எல்லை கலத்தின் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. புரூட் 1879இல் தென்னாபிரிக்காவில், கடற்படைக் கப்பலொன்றிற் சென்றிருந்தபோது காலமானார். பிற்காலத்தோர் அவ்விகிதத்துக்கு அவர் பெயரையே சூட்டினர்.

விதியின் பொருளை எண்களாற் காட்டுதல் எளிது. மணிக்கு ஒரு கடல் மைல் என்னும் வேகத்தைக் கடலோடிகள் ஒரு நொட் என்பர். நீர்மட்டத்தில் அடிக்கணக்கில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்துக்குச் சமமான நொட் வேகத்தில் எக்கலமும் இலகுவாகச் செல்லும். அதன் 1.34 மடங்கை அடையும்போது, கலம் எழுப்பும் அலையின் நீளமும் கலத்தின் நீளமும் ஒன்றாகிவிடும். அதன்பின் கலம் தானே தோண்டிய பள்ளத்திற் பின்பக்கம் தாழ்ந்து, தன் அணியத்து அலைமீது மலையேறுவதுபோல் ஏற முயலும். 400 அடிக் கப்பலுக்கு இலகுவேகம் 20 நொட். 25 அடிப் படகுக்கோ 5 நொட். எல்லை வேகம் முன்னதற்கு ஏறத்தாழ 27 நொட், பின்னதற்கு 6.7 நொட். ஆகவே பெருங்கப்பல் தன் இயல்பாகப் பெறும் வேகத்தைச் சிறுபடகு பெறவேண்டின் இயற்கையோடு போராடியே பெறல் வேண்டும். போராட்டத்தின் கூலி எரிபொருளாகக் கொடுக்கப்படுகின்றது.

இலங்கைக் கரையோரத்தை அறிந்தோர்க்கு இவ்வெண்கள் புதியனவாகத் தோன்றா. 1950களின் இறுதி தொடக்கம் மீனவர்க்கு அறிமுகமான மூன்றரைத் தொன் இயந்திரவள்ளம் ஏறத்தாழ 28 அடி நீளமுடையது. டீசல் இயந்திரத்தின் ஓசையுடன் அது ஆறு, ஏழு நொட் வேகத்திற் கரை திரும்பும். இயந்திர விசையை மேலும் கூட்டினால் வள்ளத்தின் பின்பக்கம் அமிழ்ந்து புகை கறுக்குமேயன்றி வேகம் கூடாது என்பதை அதனைச் செலுத்தியோர் புரூட்டின் பெயரறியாமலே அறிந்திருந்தனர்.

இவ்வெல்லையைத் தாண்டும் வழியும் புரூட்டின் தொட்டிக்கே வந்து சேர்ந்தது என்பது சுவையான செய்தி. இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்துப் பாதிரியாரான ராமுஸ் என்பவர், அடிப்புறம் படியாக வெட்டப்பட்ட கலமொன்று நீரைக் கிழியாது நீரின்மேல் எழுந்து சறுக்கிச் செல்லும் என்று 1872இற் கடற்படைக்கு எழுதினார். மாதிரி சோதிக்கப்பட்டது. அக்காலத்து நீராவி இயந்திரத்தின் பாரத்தைச் சுமந்துகொண்டு அத்தகைய வேகத்தை எட்டுதல் நடவாது எனப் புரூட் காட்டினார். அவர் முடிவு அக்காலத்துக்குச் சரியானதே. பாதிரியாரின் கருத்தும் பிழையன்று. அதற்கேற்ற இலேசான இயந்திரம் பிறக்கவில்லை என்பதே குறை.

அவ்வியந்திரம் பிறந்தது ஜேர்மனியில். கொட்லிப் டைம்லரும் வில்லெம் மைபாக்கும் 1886இல் நெக்கார் ஆற்றில் பெற்றோல் இயந்திரம் பூட்டிய சிறுபடகை ஓட்டினர். வெடித்துவிடும் என மக்கள் அஞ்சியமையால், மின்சாரப் படகெனத் தோன்றும்படி கம்பிகளையும் பீங்கான் காப்பிகளையும் சுற்றிலும் பொருத்தினர் என்று கூறுவர். அமெரிக்காவில் நிலைமை வேறு. நீராவிக் கொதிகலனை இயக்க அனுமதி பெற்ற பொறியாளர் வேண்டுமென்ற சட்டம் சிறுபடகுக்காரரை வருத்தியது. நீருக்குப் பதிலாக நப்தா என்னும் எண்ணெயையே கொதிக்கவைத்து ஆவியாக்கி ஓட்டும் படகுகள் 1880களின் நடுவில் விற்பனைக்கு வந்தமைக்கு இச்சட்டமே பெருங்காரணம். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் நீர்நிலைகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட மின்சாரப் படகுகள் ஓடின. அவற்றைக் கட்டிய எல்கோ நிறுவனமே பின்னர் பெற்றோல் அறைப்படகுகளையும் கட்டலாயிற்று.

முதலாம் உலகப்போருக்கு முற்பட்ட அறைப்படகுகளின் வடிவத்தைப் படங்களிற் காண்போர் அவற்றின் ஒடுக்கத்தைக் கண்டு வியப்பர். முப்பதடி நீளத்துக்கு எட்டடி அகலமும் இராது. பின்பக்கம் மெலிந்து நீரை மெல்ல விட்டுச் செல்லும். இஃது அழகுணர்ச்சியால் விளைந்ததன்று. கிடைத்த இயந்திரம் பத்து அல்லது இருபது பரிவலுவே உடையது. பாரமோ மிக அதிகம். குறைந்த வலுவில் தக்க வேகம் பெற ஒரே வழி நீண்டு ஒடுங்குதல். வறுமை சிக்கனத்தைக் கற்பிக்கும் என்பதுபோல, இயந்திரத்தின் வறுமை அக்காலப் படகுகளைச் சிக்கனமாக்கிற்று.

இவ்விடத்துச் சிக்கனம் என்னும் சொல்லின் இருபொருளையும் பிரித்துணர்தல் நன்று. லீற்றர் கணக்கிற் சிக்கனம் ஒன்று. காசுக் கணக்கிற் சிக்கனம் மற்றொன்று. பிரித்தானியாவிற் பெற்றோலிலும் மண்ணெண்ணெய் மலிவாயிருந்தமையால், பெற்றோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இயந்திரங்கள் பெருகின. கிளாஸ்கோவிற் செய்யப்பட்ட கெல்வின் இயந்திரம் இவ்வகையில் மீனவரிடையேயும் இன்பப் பயணிகளிடையேயும் பெயர்பெற்றது. மண்ணெண்ணெய் செம்மையாக எரிவதில்லை, இயந்திரம் கரிபிடிக்கும், மைலுக்குச் செல்லும் அளவும் கூடும். ஆயினும் செலவு குறைந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மீனவர் பிற்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களை விரும்பியமைக்கும் காரணம் இதுவே. எரிபொருளின் தேர்வைப் பொறியியலைவிட அரசின் வரியும் மானியமும் தீர்மானித்த இடங்கள் பல.

1918இல் போர் முடிந்தபோது படகு வரலாறு திசைமாறியது. ஆகாய விமானங்களுக்கெனச் செய்யப்பட்ட, 400 பரிவலு கொண்ட லிபேர்ட்டி இயந்திரங்கள் பெருந்தொகையாக எஞ்சின. காராலைகளும் இலேசான இயந்திரங்களைக் குவித்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து அல்கொனாக் என்னும் சிற்றூரில் காவுட்டும் கிறிஸ் ஸ்மித்தும் இவற்றைப் படகுகளிற் பூட்டினர். ராமுஸ் பாதிரியார் கனவுகண்ட சறுக்குபடகு கைகூடிற்று. ஸ்மித் குடும்பத்தினர் 1922இல் தொடங்கிய கிறிஸ்-கிராப்ட் நிறுவனம், மோட்டார் காரைப்போலப் படகையும் தொகையாகச் செய்து தவணைமுறையில் விற்றது. 1920களின் இறுதியில் அறைப்படகும் அவ்வரிசையிற் சேர்ந்தது.

சறுக்குபடகின் எரிபொருட் கணக்கைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்; ஏனெனில் இன்றுவரை பலர் ஏமாறுவது இங்கேதான். அகன்று தட்டையான அடியும் வெட்டிவிட்டாற்போன்ற பின்பக்கமும் உடைய படகு, போதிய வலுவுடன் தள்ளப்படின் தன் அலையின்மேல் ஏறி நீரின் மேற்பரப்பிற் சறுக்கத் தொடங்கும். அப்போது தடை பெரும்பாலும் படகின் பாரத்தைப் பொறுத்ததாகும். மூன்று தொன் பாரமும் நீர்மட்டத்தில் 25 அடி நீளமும் உடைய அறைப்படகொன்றை எடுத்துக்கொண்டால், 5 நொட்டுக்கு ஆறு பரிவலு போதும். எல்லை வேகமான 6.7 நொட்டுக்கு அதன் இருமடங்குக்கு மேல் வேண்டும். 20 நொட்டிற் சறுக்குவதற்கு நூறு பரிவலுவுக்குக் குறையாது வேண்டும். பெற்றோல் இயந்திரம் ஒரு பரிவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.3 லீற்றர் குடிக்குமெனின், முதல் வேகத்தில் ஒரு கடல் மைலுக்கு 0.4 லீற்றருக்கும் குறைவாகச் செலவாகும். 20 நொட்டில் ஒன்றரை லீற்றருக்கு மேல். படகுக்குப் படகு கணக்கு முன்பின்னாகலாம். விகிதம் பெரிதும் மாறாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்பது, பத்து, பன்னிரண்டு நொட் வேகங்களே மிகவும் தீயன. அங்கே படகு முற்றாக நீரிலும் இல்லை, முற்றாக நீர்மேலும் இல்லை. அணியம் வானை நோக்க, பின்பக்கம் அமிழ, பெரும் அலையொன்றை இழுத்துச் செல்லும். எட்டு நொட்டுக்குக் குறைத்தால் எரிபொருள் மிஞ்சும் என்று எண்ணும் படகோட்டி, இருபதில் ஓடியபோது மைலுக்குச் செலவானதைவிட அதிகமாகச் செலவிடவும் கூடும். நடுவழி சிறந்தது என்ற பொதுமொழி இங்கு மட்டும் செல்லாது.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் இக்கணக்கைப் பற்றிக் கவலைப்பட எவருக்கும் நேரமிருக்கவில்லை. அமெரிக்காவில் 1960இல் ஒரு கலன் பெற்றோல் சராசரியாக 31 சதம். நார்க்கண்ணாடியாற் செய்த படகுடல் மரவேலையின் செலவைக் குறைத்தது. 1959இல் வொல்வோ பென்ரா நிறுவனம் வெளியிட்ட உள்-வெளி இயந்திரம், காரின் இயந்திரத்தைப் படகின் பின்பக்கத்தில் எளிதாகப் பொருத்த வழிசெய்தது. 1960இல் மியாமியிலிருந்து பகாமாசின் நாசோவுக்கு நடந்த ஓட்டப்போட்டியில் ரிச்சட் பேர்ட்ரம் செலுத்திய மொப்பி என்னும் படகு, கொந்தளித்த கடலில் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் ஓடி வென்றது. அதனை வரைந்த ரேமண்ட் ஹண்ட் அடித்தளத்தை ஏறத்தாழ 24 பாகைச் சாய்வில் ஆழ்ந்த ஆப்புவடிவாக அமைத்திருந்தார். அலைமீது தட்டையாக விழாமல் வெட்டிச்செல்வது இவ்வடிவின் பெருநன்மை. தட்டையடியைவிட எழும்புவதற்கு அதிக வலு கேட்பது இதன் குறை. வெற்றியின் ஆரவாரத்திற் குறை பேசப்படவில்லை. ஆழ்ந்த ஆப்புவடிவம் கரடான கடலிற் பந்தயமோடுவோர்க்கு உயிர்காக்கும் அமைப்பு; அமைதியான ஏரியில் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கச் செல்வோர்க்கு அது வீண்செலவு. இரு சாராருக்கும் ஒரே படகே விற்கப்பட்டது.

ஸ்டீவன்ஸ் நிறுவகத்து ஆய்வாளர் டானியல் சவிட்ஸ்கி 1964இற் சறுக்குபடகின் தடையைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் வடிவமைப்பாளர் கைக்கொள்ளும் முறை அது. எவ்வளவு வலு எவ்வளவு வேகம் தரும் என்பது அதனால் முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் எவ்வளவு வேகம் தேவை என்ற கேள்வியை எச்சமன்பாடும் கேட்பதில்லை.

அக்கேள்வியைக் கேட்ட சிலர் ஒதுங்கி நின்றனர். அமெரிக்கக் கடற்படை அதிகாரி றொபேட் பீபி, 50 அடி நீளமான பாசேஜ்மேக்கர் என்னும் தமது படகைச் சிங்கப்பூரிற் கட்டுவித்து, 1963இல் இந்து சமுத்திரத்தையும் செங்கடலையும் கடந்து கிரேக்கம் வரை செலுத்தினார். இயந்திரப் படகு பெருங்கடலைக் கடக்க வேண்டுமாயின் மெல்லச் செல்லவேண்டும், நீளத்தின் வர்க்கமூலத்தை மதிக்கவேண்டும் என்பதே 1975இல் வெளிவந்த அவர் நூலின் சாரம். அதே காலத்தில் ஹொங்கொங்கிற் கட்டப்பட்ட கிராண்ட் பேங்ஸ் 36 என்னும் அறைப்படகையும் பேர்ட்ரம் 31 என்னும் புகழ்பெற்ற விரைவுப்படகையும் பக்கத்திற் பக்கம் வைத்து நோக்குதல் தகும். முன்னது ஏறத்தாழ பன்னிரண்டு தொன். பின்னது ஐந்து தொன்னுக்கும் குறைவு. முன்னது 120 பரிவலு டீசல் இயந்திரமொன்றினால் 7 நொட் வேகத்தில் மணிக்கு இரண்டு அமெரிக்கக் கலன் அளவே குடித்தது. அஃதாவது கலனுக்கு மூன்றரைக் கடல் மைல். பின்னது இரு பெற்றோல் இயந்திரங்களுடன் இருபது நொட்டுக்கு மேல் ஓடும்போது கலனுக்கு ஒரு கடல் மைல் தருவதே அரிது. இரண்டரை மடங்கு பாரமான கலம் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான எண்ணெயிற் சென்றது. டீசல் பெற்றோலைவிடச் சிக்கனமானது என்பது இதிற் சிறுபங்கு, வேகமே பெரும்பங்கு.

1973 ஒக்டோபரில் மத்திய கிழக்குப் போரும் அதனையடுத்த எண்ணெய்த் தடையும் வந்தன. பீப்பாய் ஒன்று மூன்று டொலருக்கும் குறைவாயிருந்த மசகெண்ணெய், 1974 சனவரியில் 11 டொலர் 65 சதமாயிற்று. 1979இல் ஈரானியப் புரட்சியின் பின் விலை மீண்டும் ஏறி, அமெரிக்காவிற் பெற்றோல் கலனொன்று 1981இல் 1 டொலர் 30 சதத்தைக் கடந்தது. அங்கு நெருக்கடிகாலத் திட்டங்களில், வாரஇறுதியில் இன்பப் படகோட்டலைத் தடைசெய்யும் யோசனையும் இடம்பெற்றது. படகுத் தொழிலினர் கொதித்தெழுந்தனர். யோசனை நடைமுறைக்கு வரவில்லை. நாட்டின் மொத்த நுகர்வில் இன்பப் படகுகளின் பங்கு மிகச் சிறிது என்ற அவர்களின் வாதம் மெய்யே. ஆனால் ஒரு குடும்பத்தின் வரவுசெலவில் அப்பங்கு சிறிதாயிருக்கவில்லை. துறைகளிற் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே படகிற் குடியிருந்து விடுமுறை கழித்தோர் பலர்.

அவர்கள் விசையைக் குறைத்து மெல்லச் சென்றிருக்கலாமே எனக் கேட்கலாம். சென்றனர், பயன் எதிர்பார்த்த அளவு கிட்டவில்லை. சறுக்குவதற்கென அகலமாக வெட்டப்பட்ட பின்பக்கம், மெல்லிய வேகத்தில் நீரைச் சுழலச் செய்து இழுத்துச் செல்லும். 300 பரிவலு இயந்திரத்தை ஆறு பரிவலுவுக்கு ஓட்டினால், அது தன்னைத் தானே சுழற்றுவதற்கே எரிபொருளில் நல்லதொரு பங்கைச் செலவிடும். மெல்லிய வேகத்தில் அகன்ற படகு நேராகவும் நிற்பதில்லை. சுக்கானைப் பிடித்தவர் ஓயாது திருத்திக்கொண்டேயிருத்தல் வேண்டும். மலிந்த எண்ணெய்க் காலத்து வடிவம் அரிய எண்ணெய்க் காலத்துப் பழக்கத்துக்கு இணங்கவில்லை. வடிவத்தையே மாற்றவேண்டும் என்று சிலர் முனைந்தனர். 1980 தொடக்கத்தில் சியாட்டில் படகுக் காட்சியில் வைக்கப்பட்ட நோர்டிக் டக் 26, துறைமுக இழுவைப் படகின் தோற்றத்தில், சிறிய டீசல் இயந்திரத்துடன், தன் நீளத்துக்கு ஏற்ற வேகத்திற் செல்லும் அறைப்படகு. காட்சியிலேயே பலர் முன்பதிவு செய்தனர். 1910இன் படகோட்டி அதனைக் கண்டிருப்பின் அதில் அதிசயம் எதனையும் கண்டிரான்.

1980களின் நடுவில் எண்ணெய் விலை வீழ்ந்தது; பாடமும் உடன் வீழ்ந்தது. அதே இழுவைப்படகுத் தோற்றத்தில் வந்த பிற்காலப் படகுகள் பெரிய இயந்திரங்களைப் பெற்றுப் பதினைந்து நொட்டுக்கு மேல் ஓடத் தொடங்கின. பழைய இருகட்ட வெளியிணைப்பு இயந்திரம், பெற்றோலிற் காற்பங்கு வரை எரியாமலே நீரிற் கக்கியது. அமெரிக்க அரசின் 1996ஆம் ஆண்டுப் புகைவிதிகள் அதற்கு முடிவுகட்டலாயின. நாற்கட்ட இயந்திரங்களும் நேரடியாக எரிபொருள் தெளிக்கும் இயந்திரங்களும் இடம்பிடித்தன. பரிவலு ஒன்றுக்கான செலவு உண்மையிலேயே குறைந்தது. குறைந்த செலவு சேமிப்பாகவில்லை. மேலும் பரிவலுவாகவே மாறிற்று. 2021இல் 600 பரிவலு கொண்ட ஒற்றை வெளியிணைப்பு இயந்திரம் சந்தைக்கு வந்தது. லிபேர்ட்டி இயந்திரத்தின் ஒன்றரை மடங்கு வலு அது. அத்தகைய மூன்று நான்கினை ஒரே படகின் பின்பக்கத்திற் காணலாம்.

புரூட்டின் விதி மறவாது போற்றப்பட்டது வேறிடத்தில். உணவு விவசாய அமைப்பின்கீழ், சென்னையைத் தலைமையகமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், இலங்கை உட்பட விரிகுடா நாடுகளின் சிறு மீனவர்க்காகப் பணியாற்றியது. அத்திட்டத்துக்காக நோர்வேப் படகு வடிவமைப்பாளர் குல்பிராண்ட்சன் 1986இல் எழுதிய சிற்றேடு, மீன்பிடி வள்ளத்தின் எரிபொருட் செலவைக் குறைக்கும் வழிகளை எளிய படங்களுடன் விளக்குகின்றது. வேகத்தைச் சற்றுக் குறைத்தல், வள்ளத்தை நீட்டி ஒடுக்குதல், விசிறியைப் பெரிதாக்கி மெல்லச் சுழற்றுதல், அடியிற் படியும் பாசியையும் சிப்பியையும் சுரண்டுதல் என்பன அதன் உள்ளடக்கம். அறைப்படகின் உரிமையாளருக்கும் இவற்றில் ஒன்றேனும் பொருந்தாததில்லை.

வேறுபாடு ஒன்றுண்டு. மீனவன் தன் வேகத்தை எளிதிற் குறைக்க முடிவதில்லை. முதலில் கரைசேர்ந்த வள்ளத்தின் மீனுக்கே நல்ல விலை. பிந்திச் சேர்ந்தவன் எண்ணெயில் மிஞ்சியதை ஏலத்தில் இழப்பான். பனிக்கட்டி உருகும், வெயில் ஏறும். அவன் விசையைக் கூட்டுவதற்குக் கணக்கிற் காட்டத்தக்க காரணமுண்டு. குடும்பத்துடன் ஏரியைச் சுற்றிவரும் அறைப்படகின் தலைவனுக்காகக் கரையில் எந்த வியாபாரியும் காத்திருப்பதில்லை. அவனே 5 நொட்டை விட்டு 25 நொட்டைத் தேர்ந்தவன். அத்தேர்வுக்கேற்பவே நூறாண்டுகளாகப் படகுகளும் கட்டப்பட்டு வந்தன.